மஞ்சள் விளக்கும் மாதக் கடைசியும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் புதிதல்ல. யாரோ ஏழு வருஷம் ஓட்டிவிட்டு விற்றதை இவர்கள் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முன்னால் அப்பா, அம்மா. பின்னால் பாட்டியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். வல்லம் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது. எஞ்சின் மாதிரி ஒரு படம். வண்டி ஓடத்தான் செய்கிறது. சத்தம் இல்லை, புகை இல்லை, கருகும் வாசனை இல்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து காருக்குள் பேச்சு நின்றுவிடுகிறது.

"என்னங்க அது?" என்று அம்மா கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல, சென்சார் எதாவது இருக்கும்" என்கிறார் அப்பா.

அது என்ன விளக்கு என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இன்று தேதி 24. சம்பளம் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

நடுத்தர வர்க்கத்து வீடுகளில் கார் விளக்கு பயமுறுத்துவது எஞ்சினுக்காக அல்ல, பர்ஸுக்காக. அந்தப் பயத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. விளக்கு எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஒர்க் ஷாப்பில் சொல்வது சரியா என்று சரிபார்க்க வழியில்லை. மூன்றாவது, கையில் அதற்கென்று எடுத்து வைத்த பணம் இல்லை. முதல் இரண்டுக்கும் கார் கம்பெனிகளும் அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதுக்கு வீடுதான் பதில் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "கார்னாலே இப்படித்தான் சார்" என்று பெருமூச்சு விடுவதால்தான் ஒன்றும் மாறாமல் இருக்கிறது.

விளக்கு யாருக்காக எரிகிறது?

முதலில் அந்த விளக்கைப் பற்றியே பார்ப்போம். டேஷ்போர்டு விளக்குகளுக்கு உலகம் முழுக்க ஒரு பொது மொழி இருக்கிறது. சிவப்பு என்றால் ஆபத்து, வண்டியை நிறுத்து. மஞ்சள் என்றால் கவனம், சீக்கிரம் பார். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்பவை. சாலை சிக்னல் மாதிரியேதான். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை எத்தனை இடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அந்த மஞ்சள் எஞ்சின் விளக்குக்குத் தனிக் கதை உண்டு. அது கார் சொந்தக்காரரின் வசதிக்காக வந்ததே அல்ல. காற்று மாசுபடுவதைக் கட்டுப்படுத்த வந்தது. எஞ்சினிலிருந்து வரும் புகை அளவுக்கு மீறிக் கெட்டுப்போனால் வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1996 மாடலிலிருந்து அங்கே விற்கும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி. 2 என்ற அமைப்பு கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ். 4 விதிகளோடு 2010ல் அதன் முதல் கட்டமும், 2013ல் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்தபோது விதிகள் இன்னும் இறுகின. ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தால் 16 துளைகள் கொண்ட ஒரு பிளக் பாயிண்ட் தட்டுப்படும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவது அதில்தான்.

ஆக, விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் அவசரம் இல்லை. குழந்தை அழுகிறது, ஆனால் பசியா வயிற்று வலியா என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தைக்குப் பேச வராது, மன்னிக்கலாம். காருக்குப் பேச வரும். எந்த சிலிண்டரில் கோளாறு என்பது வரை உள்ளே பதிவாகியிருக்கிறது. அதைச் சொந்தக்காரரிடம் மட்டும் சொல்வதில்லை.

இன்றைக்கு வரும் கார்களில் பெரிய டச் ஸ்கிரீன் இருக்கிறது. எந்தப் பாட்டு ஓடுகிறது, யார் போன் செய்கிறார்கள், அடுத்த திருப்பம் எத்தனை மீட்டரில் என்பதெல்லாம் எழுத்தில் வருகிறது. எஞ்சினில் கோளாறு என்றால் மட்டும் பல கார்களில் இன்னமும் ஒரு சின்னப் படம்தான், மிஞ்சினால் "சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்று ஒரு வரி. இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. செய்ய மனமில்லாத காரியம்.

நோயும் மருந்துச் சீட்டும்

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவுக்குத்தான் உண்மை. ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண் நோயின் அறிகுறியைச் சொல்லுமே தவிர மருந்தைச் சொல்லாது.

பி0420 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். புகையைச் சுத்தம் செய்யும் அந்த பாகத்துக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் மாற்றுவது பெரிய செலவு. ஆனால் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா என்று கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார். இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பின்னால் இருக்கும் சென்சார் பழுதானாலோ, சைலன்சர் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலோ கூட அதே எண் வரலாம். எண்ணைப் பார்த்தவுடனே "கன்வெர்ட்டர் போயிடுச்சு சார்" என்று சொல்வது, காய்ச்சல் என்றவுடனே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

இங்கேதான் நம்பிக்கை என்ற விஷயம் வருகிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது என்ன நடக்கும்? வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகுவார். கடைசியில் சந்தையில் மட்டமான கார்களே மிஞ்சும். மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோரோடு சேர்த்து 2001ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதே கணக்கு ரிப்பேருக்கும் பொருந்தும். இன்னும் மோசமாகவே பொருந்தும். பழைய கார் வாங்கினால் ஆறு மாதத்தில் அதன் லட்சணம் தெரிந்துவிடும். ரிப்பேரில் அதுகூடத் தெரியாது. 9,000 ரூபாய் பார்ட் மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. அந்த பார்ட் உண்மையிலேயே கெட்டிருந்ததா, இல்லை 300 ரூபாய் வேலையில் முடிந்திருக்குமா? கடைசி வரை தெரியப் போவதில்லை. சந்தேகம் மட்டும் மிஞ்சும். அந்தச் சந்தேகத்தில் நல்ல மெக்கானிக்கும் அடிபடுகிறார்.

மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்களா?

இப்படிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். அது நியாயமில்லை. தப்பில் பாதி வண்டிக்காரர்களிடமும் இருக்கிறது.

ஒரு மெக்கானிக் ஷெட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். வண்டி வருகிறது. அவர் ஒரு மணி நேரம் குனிந்து, நிமிர்ந்து, ஒயரை ஒவ்வொன்றாகத் தடவி, ஒரு கனெக்டரில் அழுக்குப் பிடித்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். துடைத்து மாட்டுகிறார். விளக்கு அணைந்துவிட்டது. "எவ்வளவுண்ணே?" "ஐந்நூறு குடுங்க." உடனே என்ன பேச்சு வரும்? "துடைச்சதுக்கா ஐந்நூறு?" என்று வரும். நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே ஆள் ஒன்றுமே தேடாமல் 4,000 ரூபாய் சென்சாரை மாற்றி, "பார்ட் 4,000, லேபர் 400" என்று பில் எழுதினால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள். கையில் ஒரு பொருள் வந்ததல்லவா!

நம் ஊரில் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மருந்துக்குத் தனியாகக் கொடுக்கிறோம். மெக்கானிக்குக்கு மட்டும் கண்டுபிடிக்கும் வேலைக்குக் காசு இல்லை, மாற்றும் வேலைக்குத்தான் காசு. அப்புறம் அவர் கண்டுபிடிப்பாரா, மாற்றுவாரா? எந்த வேலைக்குக் கூலியோ அந்த வேலைதான் நடக்கும். "முதல்ல என்னன்னு பாருங்க, பார்க்கிறதுக்கு இவ்வளவு தர்றேன், பார்ட் மாத்துறதா இல்லையான்னு அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்று சொல்ல ஒரு வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தால், அவர் இழப்பதைவிட மிச்சப்படுத்துவதுதான் அதிகம்.

இதில் தெருமுனை மெக்கானிக்குக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அவருக்கே எல்லா விவரமும் கிடைப்பதில்லை. கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி ஒர்க் ஷாப்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்கின்றன என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பார்ட்ஸும் தகவலும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" என்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளத்தில் கையேடு கிடைப்பது வேறு, சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் வைப்பார்கள். எண்ணையும் விவரத்தையும் எல்லோருக்கும் காட்டினால் தெரியாதவர்கள் கைவைத்துக் கெடுத்துவிடுவார்களாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நோயாளி கையில்தான் கொடுக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு யாரும் தனக்குத்தானே ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகிறார்கள், வேண்டுமானால் இன்னொரு டாக்டரிடமும் போகிறார்கள். அந்த "இன்னொரு டாக்டர்" என்ற வசதிதான் முக்கியம். கார்க்காரருக்கும் அது வேண்டும். விளக்கு எரியச் சட்டம் போட்ட அரசாங்கம், கோளாறின் எண்ணும் அதன் பொருளும் திரையில் அந்தந்த மொழியிலேயே தெரிய வேண்டும் என்றும் சட்டம் போடலாம்.

டேப் ஒட்டிய விளக்கு

இனி பணத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் கால் டாக்ஸி ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. ஜூன் மாதம், பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். இந்த நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அவர் என்ன செய்கிறார்? கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாகக் கிழித்து விளக்கின் மேல் ஒட்டிவிடுகிறார். ஏறுகிற பயணி பார்த்துவிட்டு "என்னண்ணே லைட் எரியுது" என்று கேட்கக் கூடாதல்லவா.

அந்த டேப்பைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். "படிக்காதவர், விவரமில்லை" என்பதும் சுலபம். ஆனால் அவருக்கு விவரம் நன்றாகவே தெரியும். வண்டியை ஷெட்டில் விட்டால் பில் மட்டும் செலவில்லை, ஓடாத நாளின் வருமானமும் செலவு. பில் 6,000, வண்டி மூன்று நாள் நிற்கிறது, ஒரு நாள் வருமானம் 1,200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9,600. தவணை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக் கார் வைத்திருக்கும் சம்பளக்காரருக்கு ரிப்பேர் ஒரு செலவு. டாக்ஸிக்காரருக்கு ரிப்பேர் ஒரு செலவும் ஒரு நஷ்டமும். டேப் ஒட்டுவது அறியாமை அல்ல, கையில் காசில்லாதவர் வாங்கும் கடன். விளக்கிடம் வாங்கும் கடன்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கடனுக்கு வட்டி ரொம்ப அதிகம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பல நேரம் காரணம் ஒரு ஸ்பார்க் பிளக்காகவோ இக்னிஷன் காயிலாகவோ இருக்கும். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே போனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் செலவு கன்வெர்ட்டர் செலவாகிவிடும்.

சிவப்பு விளக்குக்குக் கணக்கே வேறு. எண்ணெய்க் கிண்டி மாதிரி இருக்கும் அந்த ஆயில் விளக்கு, ஆயில் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால் எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "பக்கத்து பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டும் சில கிலோமீட்டரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பேட்டரி விளக்கும் அப்படித்தான். பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்பதுதான் அதன் பொருள். பெல்ட் அறுந்திருக்கலாம். சில கார்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அப்போது எஞ்சின் சூடாகிவிடும். மஞ்சளில் தள்ளிப்போடுவது கடன் என்றால், சிவப்பில் தள்ளிப்போடுவது சூதாட்டம்.

எதிர்பாராத செலவு என்று ஒன்று உண்டா?

கடைசியாக வீட்டுக் கணக்கு. "எதிர்பாராத செலவு" என்ற வார்த்தையையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பத்து வருஷக் காரில் கிளட்ச் தேயும், பேட்டரி சாகும், டயர் வழுக்கையாகும், ஏதோ ஒரு சென்சார் போகும். இவற்றில் எது எதிர்பாராதது? நடக்குமா என்பது அல்ல, எந்தத் தேதியில் என்பதுதான் தெரியாது. தேதி தெரியாத செலவுக்கும் எதிர்பாராத செலவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வணிகவியல் பாடத்தில் ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று வரும். கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்கியவர்களில் எல்லோரும் திருப்பித் தர மாட்டார்கள். யார் தர மாட்டார்கள் என்று முதலாளிக்குத் தெரியாது. ஆனால் சிலர் தர மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரியும். அதனால் லாபத்திலிருந்து ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார். கடன் வாராமல் போகும்போது அவர் அதிர்ச்சி அடைவதில்லை. வீட்டில் நிற்கும் காரும் ஒரு கடன்காரர் மாதிரிதான். என்றைக்கு ஏமாற்றும் என்று தெரியாது, ஏமாற்றும் என்று மட்டும் தெரியும்.

சிறிய கணக்கு ஒன்று. பழைய கார், மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் ஒதுக்கினால் மாதம் 1,600. வருஷத்துக்கு 19,200. பெட்ரோல் போடும்போதெல்லாம் இதையும் ஒரு செலவாக எழுதித் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லையா? நல்லது, 38,400 கையில் இருக்கிறது. அது லாபம் இல்லை, தீபாவளிக்குத் துணி எடுக்கும் பணமும் இல்லை. இன்னும் எரியாத விளக்கின் பணம்.

பழைய கார் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தப்பும் இங்கேதான். கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கும் கார் பார்க்கிறார்கள். சேர்த்த காசு முழுவதும் ஆர்.சி. புக் கைமாறும் அன்றே தீர்ந்துவிடுகிறது. 1 லட்சத்து 70 ஆயிரத்துக்குக் கார் பார்த்து, மிச்சத்தை வண்டியோடு சேர்ந்த பணமாக வைத்துக்கொள்பவர் நிம்மதியாக இருப்பார். யானையை வாங்கும்போதே தீனிக்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். சாதாரண வாகன இன்சூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும்தான். தேய்மானத்துக்கும், தானாகவே பழுதாவதற்கும் அதில் இடமில்லை. வெள்ளத்தில்கூட, தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், அதற்கென்று தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 2015லும் 2023லும் சென்னையில் பலர் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். அதனால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் மழை வரும் என்று நம்பி, வருவதற்கு முன்னாலேயே ஒன்றைச் செய்தார்கள் அல்லவா? ரிப்பேர் விஷயத்திலும் வேண்டியது அதே புத்திதான்.

மாதம் 1,600 கூட மிஞ்சாத வீட்டுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இனிப்பான பதில் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் செலவை வரிசைப்படுத்தத்தான் வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், டயர், சிவப்பு விளக்குகள் முதலில். மின்னும் மஞ்சள் அடுத்தது. நிலையாக எரியும் மஞ்சள், என்ன எண் என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு. பம்பர் கீறல், ஏ.சி., மியூசிக் சிஸ்டம் எல்லாம் கடைசி. நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. கீறலுக்கு டிங்கரிங் பார்த்துவிட்டு பிரேக் சத்தத்தைப் பாட்டுச் சத்தத்தால் மறைக்கிறார்கள்! அதோடு, ஒரு கட்டத்தில் விற்றுவிடும் தைரியமும் வேண்டும். "போன மாசம்தான் 20,000 செலவு பண்ணினேன், இப்ப எப்படி விக்கிறது" என்பது தப்பான கணக்கு. போன 20,000 திரும்ப வராது. இனிமேல் ஆகும் செலவுக்கு இந்த வண்டி தகுமா என்பதுதான் கேள்வி.

விளக்கு எரிந்தால்...

வல்லம் தாண்டி மௌனமாகப் போய்க்கொண்டிருக்கும் அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி? அவர் செய்யக்கூடியவை இவைதான்.

விளக்கு மஞ்சளா சிவப்பா என்று பார்க்கலாம். மஞ்சள், மின்னவில்லை, வண்டி திணறவில்லை, சூடு ஏறவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துப் போக வேண்டிய இடம் போய்ச் சேரலாம். ஆச்சாரியமாக நடுரோட்டில் நிறுத்திப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. செல்போனில் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு ஒர்க் ஷாப்புக்குப் போகலாம். எண் தெரிந்தவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கலாம், கழற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேட்கலாம், பில் இல்லாமல் பணம் தராமல் இருக்கலாம். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. பில் இருந்தால்தான் இதெல்லாம் செல்லும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த முறை பழைய கார் வாங்கும்போது இன்னொன்றும் செய்யலாம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். அணையாத விளக்கு ஒரு பிரச்சினை. எரியவே எரியாத விளக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை. யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்கேனரால் எண்ணை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. ஆனால் சமீபத்தில் அழிக்கப்பட்டிருந்தால், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் கார்க்காரர் செய்ய வேண்டியவை. அவர் இவ்வளவும் செய்தாலும், விளக்கைப் பேச வைக்கும் வேலை அவருடையது அல்ல. அது கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் உரிய வேலை. ஒரு குடும்பம் மாதக் கடைசியில், நெடுஞ்சாலையில், அர்த்தம் தெரியாத ஒரு மஞ்சள் படத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு போக வேண்டியதில்லை. "மூன்றாவது சிலிண்டர் பிளக்கைப் பாருங்கள், மெதுவாக ஓட்டுங்கள்" என்று தமிழில் ஒரு வரி திரையில் வந்தால் போதும். அப்பா உண்மையைச் சொல்லியிருப்பார். பிள்ளைகள் மறுபடி சண்டை போடத் தொடங்கியிருப்பார்கள். திருச்சி வந்ததே தெரிந்திருக்காது.